மலையேறும் முன்

நுழையும்முன்

மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். ஆயினும், குறிஞ்சியை நூலில் கண்ட அளவுக்குக் காலால் நடந்து கண்டவர்கள் நம்முள் சிலரே. விடுமுறை நாளொன்றில் தோழர்களுடன் குழுவாகப் புறப்பட்டு, பொழுது சாயுமுன் ஊர் திரும்பும் மலைநடை இன்று இளைஞர் பலரை ஈர்க்கிறது. அந்நடையின் இன்பம் எவ்வளவு உண்மையோ அவ்வளவு உண்மை அதன் இடர்களும். அவ்விடர்களை மலையின்மேல் எதிர்கொள்வதா, அடிவாரத்திலேயே எதிர்கொள்வதா என்னும் வினாவை ஒரு சங்கநூலின் துணைகொண்டும் ஒரு துயர நிகழ்வின் துணைகொண்டும் ஆராய்கிறது இப்பாடம்.

அடிவாரத்து ஊர்

தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவிலுக்கு வடமேற்கே, சிவகிரிக்கும் வாசுதேவநல்லூருக்கும் அண்மையில் அமைந்த பேரூர் ராயகிரி. இங்கே மேற்குத் திசை என்றாலே மலைதான். வயலில் நின்றாலும் பள்ளி வளாகத்தில் நின்றாலும் மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணெதிரே நீலச்சுவராக நிற்கும். மழை பெய்து ஓய்ந்த காலைப்பொழுதில், காய்ச்சல் இறங்கிய முகம்போல் அது தெளிந்து தோன்றும். பாறைகளின் வெடிப்புகள்கூடப் புலப்படும். அரைநாள் நடந்தால் உச்சியைத் தொட்டுவிடலாம் என்ற எண்ணம் அப்போது எவருக்கும் எழுவதுண்டு. அந்த எண்ணம் கண்ணின் பிழை. தெளிந்த காற்றில் தொலைவு சுருங்கித் தோன்றும்; மலையின் மடிப்புகளுக்கிடையே ஒளிந்திருக்கும் ஓடைகளும் இறக்கங்களும் அடிவாரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவதில்லை.

அடிவாரத்தில் வாழ்வோர் தம் பட்டறிவால் உணர்ந்தவை இரண்டு. மலைக்குக் கிழக்கே இருக்கும் ஊர்களில் கதிரவன் தொடுவானத்தில் மறைவதில்லை. மலைமுகட்டின் பின்னே மறைகிறான். ஆகவே, நாட்காட்டி குறிக்கும் பொழுதுக்கு முன்னரே மலைச்சரிவில் நிழல் விழுந்துவிடுகிறது. மரச்செறிவுள்ள பள்ளங்களில் இருள் இன்னும் விரைந்து கவியும். இரண்டாவது, தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மறுபக்கத்தில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு இப்பக்கம் வெறுங்காற்றாக இறங்குகிறது. ஊரில் வெயில் காயும். முகட்டில் மழை கொட்டும். அம்முகட்டுநீர் ஓடைவழியே இறங்கி வரும்போது, கீழே நிற்பவர் தலைக்குமேல் ஒரு மேகமும் இருப்பதில்லை.

வரைபடத்தில் எளிதில் அகப்படாத இவ்வறிவை அங்கு வாழ்வோரிடம் கேட்டுத்தான் பெறவேண்டும். ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையே இவ்வாறு அறிந்தவர் அறியாதவர்க்குச் சொல்வதன்மேல் எழுந்ததுதான்.

கூத்தர் கேட்ட எச்சரிக்கை

பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், வழியில் எதிர்ப்பட்ட மற்றொரு கூத்தனையும் அவன் சுற்றத்தையும் அவ்வள்ளலிடம் செல்லுமாறு வழிப்படுத்துகிறான். அதன் விருந்தோம்பல் பகுதியை முன் வகுப்பில் படித்தோம். விருந்தைப் படித்த நாம், விருந்துக்குச் செல்லும் வழியைப் படிக்கவில்லை. உண்மையில் அந்நூலின் தனிச்சிறப்பு அவ்வழியில்தான் இருக்கிறது.

பயிரை மேயவரும் பன்றிகளைப் பிடிக்கக் கானவர் பொறி வைத்திருப்பர். ஆகவே இருளில் நடவாது விடிந்தபின் செல்லுங்கள் என்கிறான் கூத்தன். குழிகளில் பாம்புகள் மறைந்திருக்கும் இடங்களைக் குறிப்பிட்டு, அவ்விடத்தை எவ்வாறு கடப்பது என்கிறான். தினைப்புனம் காப்போர் யானையை விரட்டக் கவண்கல் எறிவர். அக்கல் குறி தவறி வழிப்போக்கர்மேல் விழக்கூடும். மரங்களின் மறைவில் ஒதுங்கிச் செல்லுங்கள் என்கிறான். வழுக்கும் நீர்க்கரைகளில் எதைப் பற்றிக்கொண்டு நடப்பது என்பதும் சொல்லப்படுகிறது. வழி தவறினால் அஞ்சி ஓடவேண்டா. உங்கள் இசைக்கருவிகளை முழக்குங்கள். ஒலி கேட்டுக் கானவர் வந்து, உண்ணப் பழமும் சூடப் பூவும் காட்டி முன்நின்று வழிநடத்துவர் என்கிறான்.

இவ்வெச்சரிக்கைகளின் அமைப்பை உற்றுநோக்குதல் வேண்டும். "கவனமாகச் செல்லுங்கள்" என்று பொதுப்படச் சொல்லி அவன் நிறுத்தவில்லை. எந்த இடம், அங்கு என்ன இடர், அதற்கு என்ன செய்வது என்னும் மூன்றும் ஒவ்வோர் எச்சரிக்கையிலும் உள்ளன. அச்சுறுத்தலும் இல்லை, வீண் ஊக்கமும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் மலையில் கால்வைக்கும் முன்பே அனைத்தும் சொல்லப்படுகின்றன. நம் காலத்து மலைநடைக் குழுக்கள் பலவற்றில் உணவுப்பட்டியலுக்குச் செலவிடும் நேரத்தில் பாதிகூட இத்தகைய பேச்சுக்குச் செலவிடப்படுவதில்லை.

குரங்கணி

2018ஆம் ஆண்டு மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலைப்பகுதியில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த இரண்டு குழுக்கள் காட்டுத்தீயில் அகப்பட்டன. ஒரு குழு சென்னையிலிருந்து வந்தது. மற்றொன்று ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்து வந்தது. இரண்டிலுமாக முப்பதுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். சென்னைக் குழுவில் பெண்களே மிகுதி. அவர்களுள் பலர் அலுவலகங்களில் பணிபுரிந்த இளைஞர்கள். வார விடுமுறையை மலையில் கழிக்க விரும்பி வந்தவர்கள். பிற்பகலில் காய்ந்த புற்சரிவில் பரவிய தீ அவர்களைச் சூழ்ந்தது. உயிர்தப்பச் சிதறி ஓடியவர்களுள் சிலர் பள்ளங்களில் வீழ்ந்தனர்.

முதலில் உதவிக்கு ஓடியவர்கள் குரங்கணிப் பகுதியின் ஊர்மக்கள். சாலை இல்லாத சரிவில் காயமுற்றவர்களைத் துணியில் கிடத்தித் தோளில் சுமந்து இறக்கினர். வனத்துறையினரும் தீயணைப்புத் துறையினரும் காவல்துறையினரும் விரைந்தனர். இந்திய விமானப்படையின் ஹெலிகாப்டர்களும் வந்தன. சிலர் மலையிலேயே மாண்டனர். தீக்காயங்களுடன் மீட்கப்பட்டவர்களுள் பலர் மருத்துவமனைகளில் அடுத்தடுத்த நாள்களில் இறந்தனர். மொத்தத்தில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களை அத்தீ பறித்தது.

தீயைத் தொடங்கிவைத்தது யார் என்னும் வினாவைவிட, மாணவர்களாகிய நாம் கேட்கவேண்டிய வினா வேறு. மார்ச் மாதத்தில் அச்சரிவு எவ்வாறு இருக்கும் என்பது நடந்தவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்ததா? வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் சனவரி முதலே நம் மலைகளின் புல் உலரத் தொடங்குகிறது. இலையுதிர் மரங்கள் தரையெங்கும் சருகு பரப்புகின்றன. மாசியிலும் பங்குனியிலும் அச்சரிவுகள் தீப்பொறிக்குக் காத்திருக்கும் வைக்கோற்போர்கள். இது மலையடிவாரத்து உழவர் ஒவ்வொருவரும் அறிந்த செய்தி.

தீ ஏறும் வழி

சமநிலத்தில் பரவும் தீக்கும் சரிவில் பரவும் தீக்கும் பெரும் வேறுபாடு உண்டு. வெப்பக்காற்று மேலெழும் இயல்புடையது. சரிவின் கீழே பற்றிய தீ, தனக்கு மேலுள்ள புல்லைத் தொடுமுன்பே அதைச் சூடாக்கி உலர்த்திவிடுகிறது. தீநாக்கும் சரிவை ஒட்டியே சாய்கிறது. சரிவு பத்துப் பாகை கூடுந்தோறும் மேல்நோக்கிப் பரவும் தீயின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது காட்டுத்தீ அணைப்போர் கைக்கொள்ளும் கணக்கு. மனிதனோ ஏற்றத்தில் வேகம் குறைபவன். ஆகவே, கீழிருந்து வரும் தீயை மேல்நோக்கி ஓடி வெல்ல முயல்வது பெரும்பாலும் தோல்வியிலேயே முடியும். புல்லில்லாப் பாறைவெளி, ஏற்கெனவே எரிந்து தணிந்த நிலம், நீர்நிலை ஆகியவையே ஒதுங்கத்தக்க இடங்கள். பக்கவாட்டில் விலகி அவற்றை அடைய முடியுமா என்றே முதலில் பார்க்கவேண்டும்.

இதே பாடத்தைக் கடல்கடந்த ஒரு மலைச்சரிவும் சொல்கிறது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மான் கல்ச் என்னும் பள்ளத்தாக்கில் 1949 ஆகஸ்டு 5 அன்று காட்டுத்தீயை அணைக்கச் சென்ற குழுவில் 13 பேர் மாண்டனர். அவர்கள் விடுமுறைப் பயணிகள் அல்லர். வானூர்தியிலிருந்து குதித்துத் தீயணைக்கப் பயிற்சி பெற்றவர்கள். உலர்ந்த புற்சரிவில் தீ அவர்களை மேல்நோக்கித் துரத்தியது. குழுத்தலைவர் வாக்னர் டாட்ஜ் ஓட்டத்தை நிறுத்தித் தம்முன் இருந்த புல்லுக்குத் தாமே தீ வைத்தார். அது எரிந்து மேலேற, அதன் சாம்பலில் குப்புறப் படுத்துக்கொண்டார். பெருந்தீ வந்தபோது அங்கு எரிவதற்கு எதுவும் இல்லை; அவர் பிழைத்தார். மற்றவர்களையும் உள்ளே வருமாறு அழைத்தார். ஒருவரும் வரவில்லை. தலைவர் செய்வது என்ன என்பதே அவர்களுக்கு விளங்கவில்லை; அப்படியொரு முறையை அவர்கள் அதற்குமுன் கேள்விப்பட்டதில்லை. முகட்டுப் பாறையின் வெடிப்புவழி மறுபக்கம் சென்ற இருவர் மட்டுமே அவரோடு எஞ்சினர்.

டாட்ஜின் உத்தியை நாம் பின்பற்றவேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பயிற்சியற்றவர் காட்டில் தீ வைப்பது பெருங்கேடு. முன்னமே சொல்லப்படாத அறிவுரை, இடர் வந்த கணத்தில் எவ்வளவு சரியானதாக இருந்தாலும் கேட்பவர் காதில் ஏறாது என்பதற்காகவே சொல்கிறோம். மலைபடுகடாத்துக் கூத்தன் அடிவாரத்தில் நின்று பேசியதன் பொருள் இங்கே விளங்குகிறது.

கடைசியில் நடப்பவர்

தீயும் வெள்ளமும் நாள்தோறும் வருவதில்லை. ஒருநாள் மலைநடையில் அடிக்கடி நேர்வது எளிய ஒன்று: நேரம் போதாமை. மாலையில் இருட்டியபின் காட்டுவழியில் தடுமாறும் குழுக்கள் பெரும்பாலும் காலையிலேயே தவறிவிட்டவை.

வில்லியம் நெய்ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் 1892இல் ஒரு கணக்கை வகுத்தார். ஐந்து கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம். அதனுடன், ஏறும் உயரம் 600 மீட்டருக்கு மேலும் ஒரு மணி நேரம். ஆறு கிலோமீட்டர் தொலைவில் 600 மீட்டர் ஏற்றமுள்ள இடத்துக்கு இக்கணக்குப்படி இரண்டு மணி 12 நிமிடம் ஆகும். இது பழகிய கால்களுக்கு உரியது. ஓய்வையும் உணவையும் படம்பிடித்தலையும் இதில் சேர்க்கவில்லை. பழகாத இருபது மாணவர் குழுவுக்கு இதில் பாதியேனும் கூட்டிக்கொள்ள வேண்டும். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் பத்தேகாலுக்கு மேல்தான் அவ்விடத்தை அடைவர். செங்குத்தான இறக்கத்தில் முழங்கால் தளரும். இறங்க ஏறிய நேரத்தைவிடக் குறைவாகவே ஆகும் என்று நம்பிவிடக் கூடாது.

ஆகவேதான், திரும்பும் நேரத்தை அடிவாரத்திலேயே குறித்துவிடுவது தேர்ந்தவர் வழக்கம். நண்பகல் பன்னிரண்டு என்று குறித்தால், அருவி இருநூறு அடிக்கு அப்பால் இரைந்துகொண்டிருந்தாலும் பன்னிரண்டுக்குத் திரும்புதல் வேண்டும். எழுதும்போது எளிதாக இருக்கும் இவ்விதி, அருவியின் ஓசை கேட்கும்போது மிகக் கடினமானது. "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்னும் ஒரு தொடர் மலைகளில் செய்த தீங்கு சிறிதன்று.

குழுவின் வேகம் என்பது அதன் மெதுவான நடையாளரின் வேகம். இதை ஏற்காத குழு இரண்டாகப் பிரியும். முன்னே செல்வோர் ஒரு வளைவில் அமர்ந்து ஓய்வெடுப்பர். பின்தங்கியவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், "வந்தாயிற்று, புறப்படுவோம்" என்று எழுந்துவிடுவர். ஓய்வு தேவைப்படாதவருக்கு ஓய்வும், தேவைப்பட்டவருக்கு ஓய்வின்மையுமாக அது முடியும். களைத்தவர் சிலர் அதைச் சொல்ல நாணுவர். காலணி கடித்துக் கொப்புளம் கண்டதையும், குடிநீர் தீர்ந்ததையும், காலையிலிருந்தே தலை சுற்றுவதையும் மறைத்து நடப்பர். குழுவில் பலர் இருக்கும்போது ஒருவரையொருவர் யாராவது கவனித்துக்கொள்வர் என்று எல்லாரும் எண்ணுவதால், ஒருவரும் கவனிக்காத நிலை ஏற்படுகிறது. பெருங்கூட்டம் தரும் துணிவு பலவேளைகளில் போலியானது.

இதற்கு மாற்று எளியது. வழியறிந்தவர் முன்னே செல்ல, உறுதியான ஒருவர் கடைசியில் வருதல் வேண்டும். அவரைத் தாண்டிப் பின்னால் எவரும் நிற்கக் கூடாது. பாதை பிரியும் இடங்களிலும் ஓடை கடக்கும் இடங்களிலும் தலை எண்ணவேண்டும். இருவர் இருவராக இணைத்து, ஒருவர் நலத்தை மற்றவர் கேட்கச் செய்வதும் நன்று. தலைவராக இருப்பவருக்கு வலிமையான கால்களைவிட, "போதும், திரும்புவோம்" என்று சொல்லும் வாய் முதன்மையானது.

தெரியுமா?

இடிமின்னலின் தொலைவை எண்ணிக்கையால் அறியலாம். மின்னல் தெரிந்தபின் இடியொலி கேட்கும்வரை நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால், மின்னல் ஏறத்தாழ எத்தனை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்பது கிடைக்கும். முப்பது நொடிக்குள் இடி கேட்டால் முகட்டையும் தனிமரத்தையும் விட்டு உடனே இறங்கத் தொடங்கவேண்டும்.

மேலே பெய்த மழை

2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் திடீரெனப் பெருக்கெடுத்த வெள்ளத்தில் பதினேழு வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். குளித்துக்கொண்டிருந்தவர்கள் படிகளில் ஏறி ஓடிய காட்சியைப் பலரும் தொலைக்காட்சியில் கண்டனர். 2015 மே மாதம் சதுரகிரி மலைவழியிலும் இவ்வாறே ஓடையில் வந்த வெள்ளம் வழிபடச் சென்றோர் சிலரின் உயிரைக் கொண்டது. இரண்டும் கோடைமழைக் காலத்தில் நிகழ்ந்தவை. 'வெயில்காலந்தானே, ஓடையில் என்ன நீர் வரப்போகிறது' என்னும் நினைப்பே முதற்பிழை.

ஓடையில் தெளிந்த நீர் கலங்கல், சருகும் குச்சியும் மிதந்து வருதல், மேற்பக்கத்திலிருந்து புதிய இரைச்சல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் பொருள்களை எடுக்க நில்லாமல் கரையின் உயரமான பக்கத்துக்கு ஏறிவிட வேண்டும். கடந்துவந்த ஓடை பெருகிவிட்டால், அது வடியும்வரை இக்கரையிலேயே காத்திருப்பதுதான் அறிவுடைமை. முழங்கால் அளவு நீரே விரைந்தோடும்போது ஆளைச் சாய்க்கும். காட்டோடை எவ்வளவு விரைந்து ஏறுகிறதோ, பெரும்பாலும் அவ்வளவு விரைந்து இறங்கும். காத்திருக்கும் பொறுமை இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். அப்பொறுமைக்குப் பையில் கொஞ்சம் உணவும் ஒரு டார்ச் விளக்கும் இருக்கவேண்டும்.

ஏனைய இடர்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். தேனடைகள் தொங்கும் பாறைகளின்கீழ்ப் புகையும் கூச்சலும் ஆகா. யானையின் புதிய சாணமோ ஒடிந்த கிளைகளோ கண்டால் வழிகாட்டியின் சொல்லே முடிவு. பாம்பு கடித்தவரை ஓடவோ நடக்கவோ விடாமல் கிடத்தி, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, தூக்கிச் சென்று மருத்துவமனை சேர்க்கவேண்டும். கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் தீங்கு பயக்கும். 108 என்னும் எண்ணை அனைவரும் அறிவர். அலைபேசிக்கு அலைவரிசை கிடைக்கும் கடைசி இடம் எது என்பதை ஏறும்போதே குறித்துக்கொண்டவர்க்கே அவ்வெண் பயன்படும். ஒலியெழுப்ப ஒரு விசில் போதும். குரல் கம்மிப்போன பின்னும் அது ஒலிக்கும். கூத்தர் முழக்கிய கருவிகளின் இடத்தில் இன்று அது நிற்கிறது.

கேட்டுச் செல்லும் வழி

குரங்கணித் துயரத்துக்குப் பின் தமிழ்நாடு அரசு 2018இல் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை வெளியிட்டது. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளை வகுத்து, பயிற்சிபெற்ற உள்ளூர் வழிகாட்டிகளுடன் செல்லும் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கப்பட்டது. காட்டுத்தீக் காலத்தில் மலையேற்றம் நிறுத்திவைக்கப்படுவதும் உண்டு. அனுமதி பெறுவதை வெறும் தடையாக எண்ணுவோர் பலர். அது, இன்ன நாளில் இன்ன வழியில் இத்தனை பேர் மலைமேல் இருக்கிறார்கள் என்பதைக் கீழே ஒருவர் அறிந்திருப்பதற்கான ஏற்பாடு. ராயகிரியை அடுத்த மலைப்பகுதி, 2021இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய காட்டுத்தொடர். அங்கே வனத்துறையைக் கேளாமல் நுழைவது சட்டப்படியும் குற்றம்.

இம்மலைத்தொடரில் பளியர் என்னும் தொல்குடியினர் வாழ்கின்றனர். தேனும் கிழங்கும் தேடி அலைந்த தலைமுறைகளின் வழியறிவு அவர்களுடையது. எந்த ஓடை எந்த மழைக்குப் பெருகும், எந்தப் பள்ளத்தில் யானை பகலில் படுத்திருக்கும் என்பதை அவர்கள் அறிவர். அவ்வாறு அறிந்த ஒருவர் வானைப் பார்த்துவிட்டு, "இன்றைக்கு வேண்டாம்" என்றால், பேருந்துக் கட்டணம் வீணாயிற்றே என்று அவரிடம் வாதிடுவது பொருந்தாது.

மலைபடுகடாத்தில் இன்னும் ஒரு செய்தி உண்டு. வழிகள் பல கூடிப் பிரியும் இடத்தை அடைந்தால், சரியான வழியைத் தெரிந்துகொண்டபின் அங்குள்ள புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுங்கள் என்கிறான் கூத்தன். முன்னே செல்பவருக்கு அம்முடிச்சால் பயனில்லை. அவர் வழியறிந்து கடந்துவிட்டார். அந்நிலத்துக்குப் புதியவராய்ப் பின்னால் வருபவருக்காக அவர் ஒரு நொடி குனிகிறார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள மலை, காடு அல்லது நீர்நிலை ஒன்றைப் பற்றி, அங்கு நெடுங்காலம் வாழும் முதியவர் ஒருவரிடம் உரையாடுக. இடம், இடர், செய்யவேண்டுவது என்னும் மூன்றும் அமைய அவர் கூறியவற்றை ஆற்றுப்படைப் பாங்கில் உரைநடையாக எழுதுக.

2. எட்டுக் கிலோமீட்டர் தொலைவும் 300 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு நெய்ஸ்மித்தின் கணக்கைப் பயன்படுத்தி, உங்கள் வகுப்புக் குழுவுக்குப் புறப்படும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் குறித்து, அவ்வாறு குறித்ததற்கான காரணங்களை வகுப்பில் விளக்குக.

3. "அருவி கண்ணில் படுகிறது, ஆனால் திரும்பும் நேரம் ஆகிவிட்டது." இச்சூழலில் குழுத்தலைவருக்கும் தோழர் இருவருக்கும் இடையே நிகழும் உரையாடலை எழுதி நடித்துக் காட்டுக.